எந்தக் கடல், எந்த மாதம்?

இயற்கையைப் பாடும் கவிதைகளும் குறுஞ்சித்திரங்களும் இதழாசிரியர்களாகிய நமக்கு நிறையவே வருகின்றன. கற்பிட்டி, உடப்பு, சிலாபம் என்று புத்தளம் மாவட்டக் கரையோரத்திலிருந்து வருபவற்றிலும் நீலக்கடல், வெண்நுரை, தனித்த படகு, சாயும் சூரியன் என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. முகவரியை மறைத்துவிட்டால் எந்த ஊர்க் கடல் என்று சொல்ல முடியாது. அந்தக் கரையில் வாழ்பவர்களிடம் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கிறோம்.

புத்தளம் களப்பு வடக்கே கடலோடு கலக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில் வந்து விழுகின்றன. மழையற்ற மாதங்களில் அதன் தென்பகுதி நீர் கடலைவிட உப்பேறிவிடும். உப்பளங்கள் நம்பியிருப்பதும் அந்த மாதங்களின் வெயிலைத்தான். களப்புக்குள் பேரலை எழுப்பும் கவிதையை அங்கே வலை போடுபவர் நம்பமாட்டார். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கற்பிட்டிக் கடலில் டொல்பின் கூட்டங்களைப் பார்க்க நவம்பர் முதல் ஏப்ரல் வரையே ஏற்ற காலம். மாதம் பிசகினால் கவிதையும் பிசகும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த தொல்காப்பியம் நமக்குச் சொல்லித் தந்ததும் இதுவே.

அழிவும் இடப்பெயர்வும் இந்த நிலத்தின் கதைதான். இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் வெட்டப்பட்டன. இறாலை வெண்புள்ளி நோய் தாக்கியபின் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 முதல் இயங்குகிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது இந்த மாவட்டத்தில். மன்னார்க் கடலை மனத்தில் சுமந்தபடி புத்தளம் களப்பைப் பார்த்து வளர்ந்தவர் எழுதும் நெய்தலை வேறு யாரால் எழுத முடியும்? உடப்பில் கரைவலை இழுத்தவர்கள் பாடிய அம்பாப் பாடல்களும் உழைப்பிலிருந்து பிறந்தவை. வெறும் காட்சியிலிருந்து அல்ல.

இத்தகைய எழுத்துக்கு இடம் தரும் மரபு நம் சஞ்சிகைகளுக்கு உண்டு. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ ஊர்களின் குரலைத் தேடிச் சென்று வெளியிட்டது. 2000இல் ‘ஞானம்’, 2007இல் ‘ஜீவநதி’ எனப் பின்வந்த இதழ்களும் அந்தக் கதவைத் திறந்தே வைத்தன.

ஆக்கம் அனுப்புவோருக்குச் சில வேண்டுகோள்கள். இதழை வாசித்துவிட்டு அனுப்புங்கள். பத்துக் கவிதைகளை அள்ளி அனுப்புவதைவிட, நீங்களே தேர்ந்த மூன்று போதும். ஒரே ஆக்கத்தை ஒரே வேளையில் பல இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம். முகநூலில் இட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மீனின், மரத்தின், காற்றின் பெயரை ஊரில் வழங்கும்படியே எழுதுங்கள். விளக்கம் தேவையென்றால் தனிக்குறிப்பாக இணையுங்கள். அனுப்புமுன் தொழில் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சுட்டும் பிழையை எந்த ஆசிரியரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. தெரியாத ஊர்ச்சொல்லைப் பிழையென்று வெட்டுவது நம் அறியாமை. எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியையும் மாற்றலாகாது. ஏற்றாலும் மறுத்தாலும் பதில் எழுத வேண்டும். வெளியிட்டால் இதழின் பிரதி அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். களப்புக்கரையின் இளம் எழுத்தாளர் இரண்டாவது ஆக்கத்தை அனுப்புவாரா என்பது, முதலாவதை நாம் நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது.