கரும்புக் காட்டில் அரசியல் இல்லையாம்!

“குடும்பக் கதை தோழர். பொம்பளைங்க அழுகை. இதுல அரசியல் எங்க இருக்கு?”

எட்விட்ஜ் டான்ட்டிகாவின் ‘பிரெத், ஐஸ், மெமரி’ (1994) நாவலைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் சொன்னது. 1957 முதல் 1986 வரை ஹைட்டியை ஆண்ட டூவாலியே அப்பனையும் மகனையும் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லையாம்.

தோழரே, கரும்புக் காட்டில் பதினாறு வயது மார்டீனை இழுத்துப்போய்ச் சிதைத்தவன் முகத்தை மூடியிருந்தான். மக்கூத் அடியாளாக இருக்கலாம். பிறந்தவள் சோஃபி. அவளுக்குப் பதினெட்டு வயதாகி, ஜோசப்பை விரும்பியதும், நியூயார்க்கில் அந்தத் தாயே மகளின் கன்னித்தன்மையை விரலால் சோதிக்கிறாள். அவளுக்கு அவள் தாய் இஃபே செய்ததுதான். சோதனையை நிறுத்த சோஃபி சமையலறை உலக்கையால் தன்னையே கிழித்துக்கொள்கிறாள்.

முதல் வாசிப்பில் நானும் தாய்களைத்தான் திட்டினேன். தப்பு. இஃபேயின் வீட்டில் ஆண் இல்லை. ஆனால் சட்டம் ஆணுடையது. மகளைக் கறைபடாமல் புருஷனிடம் ஒப்படைக்கும் காவல்வேலை தாய்க்கு. தவறினால் அவமானமும் அவளுக்கே. சம்பளமில்லாத காவல்காரி! ஜோசப் நல்லவன்தான். அதனால் சட்டம் மாறிவிட்டதா?

மலையில் ஒரு விளக்கு அசைகிறது. பிரசவம். ஆண் பிறந்தால் விளக்கு வெளியே எரியும், தகப்பன் விழித்திருப்பான். பெண் என்றால் இருட்டில் தாயும் பிள்ளையும் மட்டும். பிறந்த ராத்திரியே தீர்ப்பு எழுதியாச்சு.

சோஃபியை வளர்த்த அத்தீக்குப் பத்து விரலுக்கும் பத்து வேலை விதித்திருக்கிறது. கைக்கு ஒரு விரல் கூடுதலாக இருந்திருந்தால் இரண்டாவது தனக்கு மிஞ்சியிருக்குமே என்கிறாள். பேங்க் கவுண்டரில் நானும் பத்து விரலால்தான் நோட்டு எண்ணுகிறேன். வீட்டுக்கு வந்தால் பத்தும் எனக்குத்தான், கவிதை எழுதுகிறேன். சோறு வடித்த விரல்கள் யாருடையவை? இந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான்.

1804இல் அடிமைகள் போராடி விடுதலை வாங்கிய மண் ஹைட்டி. அந்த விடுதலை மார்டீன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. மறுபடி கருவுற்றபோது பழைய பயங்கரம் திரும்பிவர, அவள் தன் வயிற்றிலேயே கத்தியைப் பாய்ச்சிச் செத்துப்போகிறாள். அடக்கம் நடக்கும்போது சோஃபி கரும்புக் காட்டுக்குள் ஓடுகிறாள். கரும்பை அடிக்கிறாள், பிடுங்குகிறாள், கை கிழிய அடிக்கிறாள். செத்த தாயைப் பழிக்கவில்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துபோச்சு.

உமக்குத்தான் இன்னும் தெரியவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கு. வந்து வாங்கிட்டுப் போங்க. உலை வைத்துவிட்டு உட்கார்ந்து படிங்க.