கடல் கடந்து கற்கும் நம் பிள்ளைகள்

நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளின் பிள்ளைகளுக்குக் கடல் கடந்து கல்வி தேடுவது புதிதன்று. குறிகாட்டுவான் துறையில் படகிறங்கிப் பட்டினம் போய்ப் படித்தவர்கள் அவர்கள். 1971இல் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. 1983இல் மூண்ட போர் ஊர்களையே கலைத்தது. அப்பயணம் இலண்டன் வரை நீண்டது இவ்வாறே. பிள்ளைகள் வெளிநாடு செல்லலாகாதென்று நாம் கூறவரவில்லை. எந்த நிலையில் செல்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

காணி ஈடு போகிறது. நகை அடைவுக்குப் போகிறது. முகவருக்கும் காசு, கல்லூரிக்கும் காசு. இங்கிலாந்து செல்லும் மாணவர் விசாவுக்காகக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று பெறவேண்டும். அச்சான்று கைக்கு வந்ததும், உடல்நலம் பற்றிய அலுவல் முடிந்துவிட்டதென்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

அதே விசாவுக்காக ஆண்டொன்றுக்கு 776 பவுண் வீதம் சுகாதாரக் கட்டணமும் முன்கூட்டியே அறவிடப்படுகிறது. 2024 பெப்ரவரிக்கு முன் அது 470 பவுணாக இருந்தது. ஈடு வைத்த காணியின் காசில் ஒரு பங்கு இது! இதைக் கட்டியவர்கள் அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையின் வைத்தியரிடம் கட்டணமின்றிச் செல்லும் உரித்துடையவர்கள். ஆயினும், தங்குமிடத்துக்கு அண்மையிலுள்ள குடும்ப வைத்தியரிடம் பெயர் பதிந்தாலன்றி அவ்வுரித்து எளிதிற் கைகூடாது. நெடுந்தீவு நோயாளிக்கும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கும் இடையே கடல் கிடக்கிறது. படகு வரும்வரை உயிரைக் கையிற் பிடித்திருந்த குடும்பங்களுக்கு வைத்தியரின் அருமை தெரியும். அத்தகைய வீட்டுப் பிள்ளை, இரண்டு தெரு தள்ளி வைத்தியர் இருக்கவும் போகாது காய்ச்சலிற் கிடப்பதா?

போய்ச் சேர்ந்த முதற்கிழமையிலேயே பெயர் பதிக. 25 வயதுக்குட்பட்டோர் மூளையுறை அழற்சித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிக. நம் வெயிலில் வளர்ந்த கருமேனிக்கு அந்நாட்டு மாரியின் மங்கல் ஒளி போதாது. இலையுதிர் காலத்திலும் மாரியிலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி உட்கொள்ளுமாறு அந்நாட்டுச் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. உயிராபத்தெனின் 999, அவ்வளவு மோசமில்லாத அவசரமெனின் 111 என்ற எண்கள் மனனமாயிருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தாலும் தீராத ஆபத்தொன்றுண்டு. அது கடன். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாமென்பது அங்குள்ள விதி. இங்கோ, மாதம் பிறந்ததும் வட்டிக்காரர் படலையில் நிற்கிறார். பிள்ளைகள் என்ன செய்வர்? கணக்கில் வராத இரவு வேலைக்குப் போகின்றனர். கூலி குறைவு, நித்திரையில்லை. கையை வெட்டிக்கொண்டாலும், விசா பறிபோகுமென்று முறையிட அஞ்சுகின்றனர். அவர்களைச் சுரண்டும் முதலாளி சிலவேளை நம்மவராகவே இருக்கிறார் என்பதையும் கூறாதிருக்க முடியாது. ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது மட்டும் ‘சுகமாயிருக்கிறேன்’ என்கின்றனர். ‘காசு எப்போது வரும்?’ என்று முதலிற் கேட்கும் வீட்டுக்கு வேறெதைச் சொல்வது? மனம் சோர்ந்த பிள்ளை வைத்தியரிடம் போனாற் பைத்தியமென்பார்களோ என்று ஒளிவதும் நம் ஊர் கற்பித்த அச்சமே. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் செல்வது எவருக்கும் இழுக்கன்று.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் பெறவேண்டும். கல்வியின் பெயரால் பிள்ளைகளை அனுப்பும் முகவரையும் அதேயளவு கண்டிப்பின்கீழ் நிறுத்துமாறு நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் குரலெழுப்புவார்களா? அதுவரை காத்திராது செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தீவக ஊர்கள் பலவற்றுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உள்ளன. கோயில் திருப்பணிக்கு நிதி திரட்டித் தரும் அச்சங்கங்கள், புதிதாக வந்திறங்கும் ஊர்ப் பிள்ளையைத் தேடிச் சந்தித்து, முதற்கிழமையிலேயே வைத்தியரிடம் அழைத்துச் சென்று பெயர் பதிவிக்கட்டும். அதற்கு ஒரு முற்பகல் போதும்.