திரையில் பழைய மழை!

மரக்காணம் போய் இருக்கிறீர்களா?

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர். பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் உப்பு வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும்.

அந்த உப்புக்கு ஓர் எதிரி உண்டு. அதுதான் மழை! பல நாள் உழைப்பை ஒரு மழை கரைத்து விடும்.

அதனால் உப்பளத்துக்காரர்கள் முன்பு வானத்தைப் பார்த்தார்கள், வானொலி கேட்டார்கள். இப்போது கைப்பேசியையும் பார்க்கிறார்கள்.

அதில்தான் ஒரு சிக்கல்!

வானிலைச் செயலிகள் பலவற்றில் "இன்று" ஒரு பக்கம். "நாளை" ஒரு பக்கம். "எச்சரிக்கை" ஒரு பக்கம். விரலால் தள்ளினால் அடுத்த பக்கம் வரும்.

தள்ளியதும் உடனே வருகிறதே, எப்படி? நீங்கள் கேட்பதற்கு முன்பே, அடுத்த பக்கத்தைச் செயலி எடுத்து வைத்து விடுகிறது! நல்ல ஏற்பாடுதான். ஆனால், காலையில் எடுத்து வைத்த பக்கம் மாலையிலும் அப்படியே வந்து நிற்கலாம். நேற்று எடுத்த பக்கத்தில் "நாளை மழை" என்று இருந்தால், அந்த மழை இன்று!

மூன்று நாள் கதை

2024 நவம்பரை நினைத்துப் பாருங்கள். 28-ந் தேதி வங்கக் கடலில் இருந்தது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 29-ந் தேதி பிற்பகல் அது "பெஞ்சல்" புயலாக மாறியது. 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகும் விலகாமல், மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது!

28-ந் தேதி எடுத்த பக்கம் 29-ந் தேதி மாலை வந்து நின்றால் என்ன ஆகும்? உப்பை மூடுவதா, படகை மேட்டில் ஏற்றுவதா என்று எப்படி முடிவு செய்வது?

"திரையைக் கீழே இழுத்தால் புதிய செய்தி வருமே" என்பீர்கள். உண்மைதான். "ட்வீட்டி" என்ற செயலியில் லோரன் பிரிக்டர் என்ற அமெரிக்கர் கொண்டு வந்த முறை அது. அந்தச் செயலியை 2010-ல் ட்விட்டர் நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஆனால், செய்தி பழையது என்று தெரிந்தால்தானே இழுப்போம்? ஊசிப்போன சோற்றை வாடை காட்டிக் கொடுக்கும். ஊசிப்போன செய்திக்கு வாடை இல்லையே!

யார் வேலை?

இது பார்ப்பவர் வேலை அல்ல. செயலி செய்பவர் வேலை.

எல்லாப் பக்கத்தையும் ஓயாமல் புதுப்பிக்க வேண்டுமா? வேண்டாம். டேட்டா வீணாகும், பேட்டரி தீரும். கண் முன் இருக்கும் பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். எந்தப் பக்கம் முன்னே வந்தது என்பது செயலிக்குத் தெரியும். வந்த உடனே புதிய செய்தியைக் கேட்டு வாங்க வேண்டும். உப்பளத்திலும் விளைந்த பாத்தியைத்தானே வாருகிறார்கள்!

சிக்னல் கிடைக்காவிட்டால்? பழைய பக்கத்தையே காட்டட்டும். ஆனால், "இது காலை 6 மணிச் செய்தி" என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் அல்ல!

நீங்களும் ஒன்று செய்யுங்கள். மழை உண்டா என்று பார்க்கும் முன்பு, அது எந்தத் தேதி, எத்தனை மணிச் செய்தி என்று பாருங்கள். பிள்ளைகளே! இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.