அரைப்பேர் அரசியல்!

தேர்தல் என்பது ஒருமுறை நடப்பதன்று, இருமுறை நடப்பது. நாட்டு மக்கள் வரிசையில் நின்று வாக்களிக்கும் நாளில் நடப்பது இரண்டாவது தேர்தல். எவர் பெயர் நியமனப் பத்திரத்தில் ஏறும், எவர் பெயர் ஏறாது என்று கட்சிக்குள் முடிவாகிறதே, அதுதான் முதலாவது தேர்தல். இரண்டாவதற்குச் சட்டமுண்டு, ஆணைக்குழுவுண்டு, காவலுண்டு, எண்ணும்போது பார்த்திருக்க முகவர் உண்டு. முதலாவதற்கு என்ன உண்டு? மூடிய கதவு உண்டு!

அந்தக் கதவைத் தட்டுவதற்கே இன்று எழுதுகிறோம். அரநாயக்கவில் றப்பர்ப் பால் வெட்டுபவரும், கொழுந்து பறிப்பவரும், துண்டு நிலத்தில் பயிர் செய்பவரும், ஆசிரியரும், எழுதுவினைஞரும், வழக்கறிஞரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் பெயரால் நிற்பவரைத் தெரிந்தவர் யார்? எந்த விதிப்படி தெரிந்தார்? அந்த விதி எப்போது எழுதப்பட்டது?" இக்கேள்விக்கு விடை கிடைக்காதவரை, நாம் போடும் வாக்கு பிறர் சமைத்து வைத்த சோற்றை ஆம் என்று உண்பதற்கு ஒப்பானதே.

கேகாலை மாவட்டத்தின் கணக்கைப் பாருங்கள். பாராளுமன்றத்தில் இம்மாவட்டத்துக்கு ஆசனம் 9. நியமனப் பத்திரத்தில் ஒரு கட்சி எழுதக்கூடிய பெயர்கள் 12. வாக்காளர் கட்சிக்குப் புள்ளடியிட்டபின் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆனால் அந்தப் பன்னிருவர் யார் என்பதைத் தீர்மானிப்பது வாக்காளரல்லர். கட்சிச் செயலாளரின் கையொப்பம்! அரநாயக்க முதல் யட்டியாந்தோட்டை, புலத்கோகுபிட்டிய, தெரணியகல வரை மலைக்கொரு கொத்தாகச் சிதறிக் கிடக்கும் தமிழ் வாக்கு ஒருவர்பால் குவிந்தால் பலமாகும். மூவரிடையே சிதறினால் நீராகும். இவ்வளவு பாரதூரமான முடிவைக் கொழும்பில் நான்கு பேர் கூடி, பேரம் முடிந்த நள்ளிரவில் எடுக்கிறார்கள். மறுநாள் நமக்குப் போஸ்டர் வருகிறது!

ஒன்றுபட்டு நின்றால் என்ன விளையும் என்பதை 2012 செப்டெம்பர் காட்டிற்று. சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில் சேவல் சின்னத்தில் தனித்து நின்று தமிழர் இருவர் அச்சபைக்குச் சென்றனர். பேரினக் கட்சியின் பட்டியலில் கடைசி மூலையை இரந்து பெற்ற ஆசனங்களல்ல அவை. 2017இல் அச்சபையின் காலம் முடிந்தது. பின்னர் ஆண்டாண்டாகத் தேர்தலே நடத்தப்படவில்லை. இருந்த ஒரு படியும் உடைந்தபின், எஞ்சியிருக்கும் ஏணியின் மற்றப் படிகளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நம் கடனன்றோ?

"உட்கட்சித் தேர்தல் வைத்தால் கட்சி பிளவுறும்" என்று தலைவர்கள் அச்சுறுத்துகிறார்கள். இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் சுட்டிக் காட்டுகிறார்கள். நல்லது, அதையே பார்ப்போம். 1949இல் பிறந்த அக்கட்சி, தன் தலைவரைப் போட்டித் தேர்தலால் தெரிந்தது 2024 ஜனவரி 21இல், திருகோணமலையில். சிறிதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137 வாக்கு. தோற்றவர் முடிவை ஏற்றார், தமிழுலகம் மகிழ்ந்தது. ஆறு நாள் கழியவில்லை. பொதுச்செயலாளர் பதவியில் பிணக்கு மூண்டது. மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. வாக்களித்த பொதுச்சபையே யாப்புக்கு முரணாக அமைந்தது என்று வழக்கு எழுந்தது. பெப்ரவரி 19க்குக் குறித்த மாநாட்டுக்குத் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் தடை விதித்தது. வென்றவர் நாற்காலியில் அமரவில்லை!

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் என்ன? தேர்தல் கேடு என்பதா? இல்லவே இல்லை! பேராளர் எத்தனைபேர், அவர் எந்தத் தொகுதியிலிருந்து எவ்வாறு தெரியப்பட்டவர் என்பதை வாக்கெடுப்புக்கு முன்னரே ஐயமறத் தீர்த்து வைக்காததுதான் கேடு. வரம்பைக் கட்டாமல் வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டு, நீரைக் குற்றம் சொல்பவன் விவசாயியா?

விதியை ஆயுதமாக்கும் வித்தை பழையது. 1939 ஜனவரியில் இந்தியக் காங்கிரஸின் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. சுபாஸ் சந்திர போஸ் 1,580 வாக்குப் பெற்றார். காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையா 1,377 பெற்றார். பேராளர் தீர்ப்பு ஐயத்துக்கிடமின்றி வெளிவந்தது. நடந்தது என்ன? காந்தியடிகளின் விருப்பப்படியே செயற்குழுவை அமைக்கவேண்டும் என்று திரிபுரி மாநாட்டில் தீர்மானம் வந்தது. வென்றவரின் கையைக் கட்டினார்கள். ஏப்ரலில் போஸ் விலகினார். ஆகஸ்டில், மூன்றாண்டுகளுக்குக் கட்சியின் எந்தத் தேர்தற் பதவியும் வகிக்கலாகாது என்று தண்டித்தார்கள். ஒழுங்கின் பெயரால்தான் செய்தார்கள்! போஸின் கொள்கை சரியா பிழையா என்பது வேறு வழக்கு. தேர்ந்தெடுத்த பேராளரின் முடிவைத் தேர்தலுக்குப் பின் எழுதிய தீர்மானத்தால் முறித்தார்களே, அதுவே நாம் சுட்டும் குற்றம்.

கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே கட்சி வேட்பாளரை மாநிலந்தோறும் மக்களே வாக்களித்துத் தெரிகிறார்கள். 2008இல் ஜனநாயகக் கட்சி, நான்கு மாநிலங்கள் தவிர வேறெதுவும் பெப்ரவரி 5க்கு முன் இத்தேர்தலை நடத்தலாகாது என்று விதித்தது. மிச்சிகன் ஜனவரி 15இலும், புளோரிடா ஜனவரி 29இலும் நடத்தின. தண்டனை என்ன தெரியுமா? இரு மாநிலங்களின் பேராளர் அனைவரின் உரிமையும் பறிபோயிற்று! மிச்சிகனில் ஒபாமா தம் பெயரை வாக்குச் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். ஹிலாரி கிளிண்டன் எடுக்கவில்லை. புளோரிடாவின் நாளைக் குறித்த சட்டசபையோ எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையில் இருந்தது. சபை நாளைக் குறித்தது; சாமானியன் வாக்கை இழந்தான்.

இலட்சோபலட்சம் மக்கள் வாக்களித்து முடித்தபின், மே 31இல் விதிக்குழு கூடியது. ஒவ்வொரு பேராளருக்கும் அரை வாக்கு என்று தீர்ப்பளித்தது. மிச்சிகன் பேராளரை 69க்கு 59 என்று பகிர்ந்தது. ஒபாமாவின் பெயரே இல்லாத வாக்கெடுப்பிலிருந்து அவருக்கு 59 பேராளர் எங்கிருந்து வந்தனர்? குழுவின் பேனாவிலிருந்து வந்தனர்! வெற்றியாளர் யாரென்று தெளிந்தபின், ஆகஸ்ட் மாநாட்டில் முழு வாக்கையும் திருப்பிக் கொடுத்தனர். வாக்குக்குப் பெறுமதி இருந்தபோது பறித்தார்கள். பெறுமதி தீர்ந்தபின் பரிசளித்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு நம்மிடம் பெயரே உண்டு: அரைப்பேர்! நாள் முழுதும் மலையில் நின்று பறித்தவளின் கொழுந்து கணக்குக் கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். மழை பொய்த்ததற்கும், உரம் போடாததற்கும், மலையைக் காடாக விட்டதற்கும் தண்டனை துரைக்கல்ல, கூடையைச் சுமந்தவளுக்கே. கட்சி மேலிடங்கள் மக்களுக்கு அளிப்பதும் இதே கணக்குத்தான். தவறு மேலே, அபராதம் கீழே!

அந்த நாட்டிலேயே 1964இல் இதைவிடக் கொடிய காட்சி ஒன்று உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை அடியோடு ஒதுக்கிப் பேராளரைத் தெரிந்தார்கள். ஒதுக்கப்பட்டோர் தாமே கூடித் தமக்குப் பேராளரைத் தெரிந்து அட்லாண்டிக் சிட்டி மாநாட்டின் வாசலில் நின்றனர். பருத்திக் காட்டில் உழைத்த பனி லூ ஹேமர் என்ற பெண் அவர்களுக்காகச் சாட்சி சொன்னாள். மேலிடம் இரண்டு ஆசனம் தருவதாகச் சொன்னது. "இரண்டுக்காகவா இத்தனை தூரம் வந்தோம்?" என்ற நெஞ்சோடு அவர்கள் மறுத்தனர். அந்த மறுப்பும் அதன்பின் எழுந்த போராட்டங்களும் அக்கட்சியின் பேராளர் விதிகளையே மாற்றின. கேகாலையும் இரத்தினபுரியும் இந்த வரலாற்றை மனத்தில் எழுதிக்கொள்ளட்டும்!

இனி நம் நாட்டுத் தண்டனையைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரைப்படி, கட்சியின் அங்கத்துவத்தை இழந்தவர் ஒரு மாதத்தில் ஆசனத்தையும் இழப்பார். அதற்குள் உயர் நீதிமன்றம் சென்று நீக்கம் செல்லாது என்று தீர்ப்புப் பெற்றாலன்றி. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையை ஆதரித்த லலித் அத்துலத்முதலியையும் காமினி திசாநாயக்கவையும் ஐக்கிய தேசியக் கட்சி நீக்கிற்று, ஆசனம் பறிபோயிற்று. வரவு செலவுத் திட்டத்தில் கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்த நசீர் அஹமட் முஸ்லிம் காங்கிரஸால் நீக்கப்பட்டார். 2023 அக்டோபரில் நீதிமன்றம் அந்நீக்கத்தை ஏற்றது. மலையகத்தில் என்ன நடந்தது? 2020 அக்டோபரில் இருபதாம் திருத்தத்துக்குக் கை உயர்த்திய பதுளை உறுப்பினர் அரவிந்தகுமார்மீது கட்சி சீறியது. ஆசனம் போகவில்லை, 2022இல் இராஜாங்க அமைச்சே வந்தது!

நாம் கேட்கிறோம்: ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு வனவாசம், மற்றவருக்குப் பட்டாபிஷேகமா? தண்டனை குற்றத்தின் எடையைப் பொறுத்ததா, ஆளின் எடையைப் பொறுத்ததா? மக்களிடம் வாக்குப் பெற்று மறுகரை தாவியவரைத் தண்டிக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. எழுதிய குற்றச்சாட்டு, பதில் கூற அவகாசம், பக்கம் சாராத விசாரணை, மேன்முறையீடு ஆகிய நான்கும் இல்லாத தண்டனை ஒழுக்காற்று நடவடிக்கையன்று, பழிவாங்கல்!

பிளவு வரும் என்று இன்னும் அஞ்சுவோருக்கு ஒரு சொல். தேர்தல் இல்லாத கட்சிகள் பிளவுறவில்லையா? 1956இல் தொண்டமான்-அஸீஸ் பிணக்கிலிருந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிறந்தது. 1965இல் வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடக்கினார். 1989இல் சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியை அமைத்தார். தலைமையை மாற்ற உள்ளே கதவில்லாத வீட்டில், சுவரை உடைத்துத்தான் வெளியேறுவார்கள்.

விதி என்றால் என்னவென்று நம்மைவிட அறிந்தோர் யார்? 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் இது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தற் திருத்தச் சட்டம்: வாக்குரிமை பறந்தது. 1964இல் ஆடுமாடுபோல் நம்மை எண்ணிப் பிரித்தார்கள். 1988இலும் 2003இலும் சட்டம் இயற்றி எஞ்சியோரின் குடியுரிமையை மீட்கும்வரை தலைமுறைகள் கழிந்தன. அரசின் விதியால் வாக்கிழந்தவர்களின் பிள்ளைகள், இன்று தம் சொந்தக் கட்சியின் விதியால் வாக்கிழப்பதா?

2016 மே 17இல் சாமசர மலை சரிந்தபோது அரநாயக்கவின் பெயரை உலகறிந்தது. அதே நாட்களில் புலத்கோகுபிட்டிய களுபான தோட்டத்து லயன்கள்மீதும் மண் சரிந்தது. மண் விழுந்தால் மட்டுமே தலைமையகம் நம் பெயரை உச்சரிக்க வேண்டுமா?

ஆகவே மலையகக் கட்சிகள் அனைத்திடமும் நாம் கேட்பது இது. வேட்பாளர் தெரிவு விதிகளைத் தேர்தலுக்கு ஆறு மாதத்துக்கு முன் அச்சிட்டுத் தோட்டந்தோறும் வழங்குங்கள். வழங்கியபின் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். தோட்டமும் கிராமமும் இரகசிய வாக்கெடுப்பால் பேராளரைத் தெரியட்டும். நுவரெலியாவின் எண்ணிக்கைக்குள் மூழ்கிவிடாதபடி, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை போன்ற சிதறிய மாவட்டங்களுக்குக் குறைந்தபட்சப் பேராளர் தொகையை உறுதிசெய்யுங்கள். கேகாலையில் நிற்பவரைக் கேகாலைப் பேராளரே தெரியட்டும். விதி மீறிய நிருவாகியைத் தண்டியுங்கள். அவரைத் தெரிந்த மக்களின் வாக்கைத் தொடாதீர்கள். போட்டியிடுபவர் எவரும் விசாரணைக் குழுவில் அமரலாகாது.

இவற்றுக்குப் பணம் வேண்டாம். பாராளுமன்றத்தில் சட்டமும் வேண்டாம். மனம் ஒன்றே வேண்டும். மனமில்லாத் தலைவர்களுக்கு அதை உண்டாக்கும் பொறுப்பு உறுப்பினராகிய நம்மைச் சார்ந்தது. அடுத்த முறை சந்தா கேட்டு வருபவரிடம் விதிப்புத்தகத்தைக் கேளுங்கள்! புத்தகம் இல்லையென்றால், சந்தாவும் இல்லையென்று சொல்லுங்கள்! முழு வியர்வை சிந்துபவருக்கு முழுப்பேர் வேண்டும். முழு வாக்கும் வேண்டும். அதற்கு ஒரு நூல் குறைந்தாலும் நாம் ஏற்கோம்!