அட்டைச் சுவரும் அசல் மனிதரும்

பழைய திரைப்படங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குறை தவறாது கூறப்படுகிறது. அவற்றில் வரும் வீடுகள் அட்டை வீடுகள். மலைகள் திரைச்சீலையில் தீட்டிய மலைகள். ஆகவே அவை பொய்யானவை என்பர். இக்கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. நாடக மேடையில் தொங்கும் ஒரு சீலையைக் கானகமென்று ஒப்புக்கொள்ளும் நாம், வெண்திரையில் மட்டும் அதனைக் குற்றமென்று கொள்வது முறையாகுமா?

1947ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்களை ஒப்பிட்டு நோக்குவோம்.

ஒன்று, 'பிளாக் நார்சிசஸ்' என்னும் பிரித்தானியப் படம். இமயமலைச் சாரலிலுள்ள ஒரு கன்னியர் மடத்தில் நிகழும் கதை அது. ஆயின் படப்பிடிப்புக் குழுவினர் இந்தியாவுக்குச் செல்லவேயில்லை. லண்டனுக்கு அண்மையிலுள்ள பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்திலேயே மடம் எழுப்பப்பட்டது. பனிச்சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் கண்ணாடியில் தீட்டிய ஓவியங்கள். பெரிதாக்கிய புகைப்படங்களுக்கு வண்ணம் பூசி அமைத்த பின்னணிகள். கலையமைப்புக்காக அல்பிரட் யுங்கேயும் ஒளிப்பதிவுக்காக ஜாக் கார்டிஃபும் ஒஸ்கார் பரிசு பெற்றனர். மலைவிளிம்பில் நின்று மணியடிக்கும் கன்னியின் காலடியிலே விரியும் பாதாளம் இன்றும் நம்மை நடுங்க வைக்கிறது. ஆனால் அதே படத்தில், உள்ளூர்ப் பெண்ணாக முகத்தில் மைபூசி நடித்தவர் ஆங்கில நடிகை ஜீன் சிமன்ஸ். தீட்டிய மலையை நம்பிய நெஞ்சு, தீட்டிய முகத்தை நம்ப மறுக்கின்றது.

மற்றையது, 'கடவுனு பொறொந்துவ' என்னும் முதற் சிங்களப் பேசும்படம். எஸ். எம். நாயகம் தயாரித்த இப்படம் மதுரையிலுள்ள சித்ரகலா மூவிடோன் நிலையத்தில் உருவாயிற்று. மேடை நாடகமொன்றே அதன் மூலம். ஏற்ற வசதி இங்கில்லாத காலத்தில் கடல் கடந்து சென்றதை யாரும் பழிப்பதற்கில்லை. ஆனால், தேவையாகத் தொடங்கியது நாளடைவில் வழக்கமாயிற்று. தொடர்ந்து வந்த சிங்களப் படங்கள் பலவும் தென்னிந்திய நிலையங்களிலேயே எடுக்கப்பட்டன. தென்னிந்தியப் படங்களின் கதைப்போக்கும் பாட்டும் நடிப்பும் அவற்றோடு ஒட்டிக்கொண்டன. சுவர் மாத்திரம் இரவலாக இருந்திருந்தால் தாழ்வில்லை. சுவரின் முன் நின்ற மனிதரும் இரவலாயினர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956இல் வெளிவந்த அவரது 'ரேகாவ' படப்பிடிப்பு நிலையத்தை விட்டு முற்றாக வெளியேறி, கிராமத்து வெயிலிலும் நிழலிலும் எடுக்கப்பட்டது. வில்லியம் பிளேக்கின் ஒளிப்பதிவில் கிராமத்து மாந்தர் தம் இயல்பான நடையோடும் நம்பிக்கைகளோடும் திரையில் தோன்றினர். 1957இல் கான் திரைப்பட விழாவிலே காட்டப்பட்ட அப்படத்துக்கு இங்கே போதிய வசூல் கிட்டவில்லை என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

அங்ஙனமாயின் வெளிப்புறப் படப்பிடிப்பே உண்மைக்கு உத்தரவாதமா? அதுவுமன்று. அதே 1957இல் வெளிவந்த டேவிட் லீனின் 'க்வாய் நதிப் பாலம்' கித்துல்கலவில் எடுக்கப்பட்டது. அசலான களனி கங்கைதான். ஆயினும் அது சயாம் நாட்டு ஆறாகவே நடித்தது. இடம் பொய்யென்றால் அதுவும் பொய்யே.

எனவே அட்டையா, அசலா என்பதன்று வினா. அங்கே நிறுத்தப்படும் மனிதனின் வாழ்வைப் படைப்பாளி கூர்ந்து கண்டிருக்கின்றானா என்பதே வினா. ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கும் இதுவே உரைகல். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பமொன்றின் வாழ்வை அம்மண்ணிலேயே படமாக்கிய 'குத்துவிளக்கு' 1972இல் வெளிவந்தது. அதனை இன்றும் நாம் நினைவுகூர்வது அதன் தொழில்நுட்பச் சிறப்புக்காகவன்று. நம் முகத்தை அதிற் கண்டதனாலேயே.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய படமொன்றைப் பார்க்கும்போது, ஆடும் சுவரைக் கண்டு நகைப்பதோடு நின்றுவிடாதீர்கள். அச்சுவரை எழுப்பிய கைவினைஞரின் உழைப்பை மதியுங்கள். பின்னர், அவ்வீட்டிலே குடியிருப்பவர் யாரென்று கேளுங்கள். இன்று கணினியே மலையையும் நகரையும் நொடியில் ஆக்கித் தருகின்றது. எவ்விடத்தையும் எளிதிற் படைக்கலாம் என்றாகிவிட்ட இந்நாளில் இக்கேள்விக்கு முன்னையிலும் தேவை மிகுதி.