புத்தகம் அலமாரியில் இருக்கு... கேட்டலாக் ஏன் ‘இல்லை’ என்கிறது?

நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாக்கில் ஒருவர் ‘பொன்னியன் செல்வன்’ என்று டைப் செய்கிறார். ஒரே ஓர் எழுத்துதான் பிழை. ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்கிறது திரை. கல்கியின் ஐந்து பாகங்களும் அலமாரியில் இருந்தாலும், அவரைப் பொறுத்தவரை அந்தப் புத்தகம் அங்கே கிடையாது. போனை மூடிவிட்டுப் போய்விடுவார்.

‘அட்வான்ஸ்டு சர்ச்’ இருக்கிறதே என்று நூலகம் சொல்லலாம். அதை யார் திறக்கிறார்கள்? எந்த செட்டிங்கையும் தொடாமல் தேடும்போது என்ன நடக்கிறது என்பதுதான், அதாவது ‘டீஃபால்ட்’தான், இங்கே எல்லாமே.

‘சோழர் கால நீர்ப்பாசனம்’ என்று தேடினால், மூன்று சொற்களும் உள்ள நூல்களை மட்டும் காட்டுவது ஒரு முறை. ஒன்று இருந்தாலும் போதும் என்பது இன்னொரு முறை. அதில் ‘சங்க கால உணவு’ வரை எல்லாம் வந்து கொட்டும். முதல் முறையிலோ ஒரு சொல் பிசகினாலும் பூஜ்யம். முதலில் மூன்றையும் தேட வேண்டும், சிக்காவிட்டால் தளர்த்த வேண்டும், தளர்த்தியதைத் திரையில் சொல்லவும் வேண்டும். இதுதான் நியாயமான வரிசை.

தமிழில் தலைவலி இன்னும் அதிகம். ‘கௌரவம்’ என்பதை ஔகாரக் குறியோடு அடிப்பவர்கள் உண்டு. ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ சேர்ப்பவர்களும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ‘தமிழ்ச் சிறுகதை’ என்று பதிவாகியிருப்பதை வாசகர் ‘ச்’ இல்லாமல் தேடுவார். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள் தனிக் கூட்டம். புதுமைப்பித்தனை சொ.விருத்தாசலம் என்று தேடினால்? பழைய அட்டைப் பட்டியல்களில் இதற்கென்றே ‘காண்க’ அட்டை வைத்து, ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த மரியாதை குறைந்தது வேடிக்கைதான்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது நான்காவது. எழுத்துப்பிழையை வாசகரே கண்டுபிடித்துத் திருத்தட்டும் என்று விடுவது அதற்கு நேர் எதிர்.

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. இந்தியாவில் பல நூலகங்கள் பயன்படுத்தும் ‘கோஹா’ இலவச மென்பொருள். நெருக்கமான எழுத்துக்கூட்டலை ஏற்பது, சொல்லின் தொடக்கத்தை வைத்தே தேடுவது ஆகியவற்றுக்கு அதிலேயே செட்டிங் உண்டு. தமிழில் அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று நாலு சொல் அடித்துப் பார்த்துவிட்டு, எந்தெந்தத் தேடல்கள் வெறுங்கையோடு திரும்பின என்று மாதம் ஒருமுறை பட்டியல் எடுத்தால், அடுத்து எதைச் சரிசெய்வது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.