கணக்கு யார் கையில்?

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் லயத்துப் பிள்ளை பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்தால் கேட்கிறார்கள்: "ஏன், சயின்ஸ் கெடைக்கலியா?" நாம் சொல்வோம்: இது நம்ம சனம் கட்டாயம் படிக்க வேண்டிய படிப்பு.

நம்மைக் கட்டிப்போட்ட கயிறே கணக்குதான். இலங்கைத் தோட்டங்களில் கங்காணி எழுதிய கடன் 'துண்டு' என்ற காகிதமாகி, ஆட்களைத் தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாற்றியது. 1921-இல்தான் அதற்குத் தடை வந்தது. பேனா கணக்கப்பிள்ளை கையில், கைநாட்டு நம்முடையது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பற்று, வரவு படிக்கிறார்கள்.

ஆனால் யாருக்கான கணக்கு? கூட்டாளிகளுக்கு இலாபம் பிரிக்கத் தெரிகிறது. அம்மாவின் சம்பளச் சீட்டில் பி.எப். பிடித்தம் எவ்வளவு, முதலாளி கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறோம். 1972-இல் சட்டமான பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் கூலி. 30 வருஷம் கொழுந்து பறிச்சவளுக்கு 450 நாள் கூலி. இந்தப் பெருக்கலை வகுப்பில் போடணும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எடையில் கழிக்கிற கிலோவையும் போடணும்.

அண்ணல் அம்பேத்கர் 1923-இல் லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கியது ரூபாயின் சிக்கலை ஆராய்ந்துதான். சிலையின் கையிலிருக்கும் புத்தகத்தை அரசியல் சட்டமாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

மாலை வகுப்பு எடுக்கும் தோழர்களே, முதல் பாடமாக ஒரு சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள்.